வாரண்டியில் காருக்கு மறுபெயின்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரண்டி காலத்துக்குள் பெயின்ட் உரிகிறது, கொப்பளிக்கிறது, வெளுக்கிறது என்று வருபவர்கள் கேட்கும் கேள்விகளும், புதுப் பெயின்ட் அடித்து வந்த வண்டியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதும் இங்கே இருக்கின்றன.

எந்தக் கோளாறை வாரண்டியில் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது?

கோளாறு எங்கிருந்து தொடங்கியது என்பதை வைத்துத்தான் இது முடிவாகும். அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கழன்றது, கிளியர் கோட் (எல்லாவற்றுக்கும் மேலே உள்ள நிறமற்ற அடுக்கு) தானாக வெளுத்து உரிந்தது, அடிபடாத இடத்தில் கொப்புளம் கிளம்பியது, நிறம் திட்டுத்திட்டாக மாறியது எல்லாம் உள்ளிருந்து வரும் குறைகள். அவை பெயின்டிலோ, அடித்த விதத்திலோ உள்ள குறைகள் என்பதால் கேட்கலாம். கல் தெறித்த புள்ளி, பறவை எச்சம் அரித்த தடம், மரப்பிசின், கீறல், கடுமையான கெமிக்கல் பட்ட கறை, விபத்துக்குப் பிறகு வெளியில் அடித்த பெயின்ட் ஆகியவை வெளியிலிருந்து வருபவை. பெரும்பாலான வாரண்டிப் புத்தகங்களில் இவை விலக்குப் பட்டியலிலேயே இருக்கும்.

துரு வாரண்டிதான் பல வருடம் இருக்கிறதே, பெயின்ட் உரிந்தாலும் அது போதாதா?

போதாது. பலரும் ஏமாறும் இடம் இது. நீண்ட வருடக் கணக்கில் சொல்லப்படுவது பெரும்பாலும் துளைத் துரு வாரண்டி. அதாவது தகடு உள்பக்கமிருந்து அரித்து ஓட்டை விழுந்தால் மட்டும். மேல்பரப்புத் துருவும் பெயின்ட் உரிதலும் வேறு தலைப்பில், குறைவான காலத்துக்கு இருக்கும். புத்தகத்தில் இரண்டையும் தனித்தனியாகத் தேடிப் படியுங்கள்.

உள்ளிருந்து வந்த குறையா, வெளியிலிருந்து வந்ததா? நானே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். உரிந்த சில்லு ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

சில்லு கண்ணாடி மாதிரி நிறமற்று இருந்தால், கிளியர் கோட் மட்டும் அதன் கீழே நிறம் தரும் பேஸ் கோட்டைவிட்டுப் பிரிந்திருக்கிறது. கிளியர் மெல்லியதாகி வெயிலின் புற ஊதா கீழே இறங்கியிருக்கலாம், அல்லது இரண்டு அடுக்குக்கும் நடுவே பிடிப்பு இல்லாமல் இருந்திருக்கலாம்.

சில்லில் வண்டியின் நிறமும் சேர்ந்து வந்து, கீழே வழவழப்பான சாம்பல் அடுக்கு தெரிந்தால், பிரிவு பேஸ் கோட்டுக்கும் கீழே. அந்தச் சாம்பல் பெரும்பாலும் வண்டி உடலை முழுக்கத் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரத்தால் படிய வைக்கும் அடிப்பூச்சு. மேலே உள்ள பூச்சு மெல்லியதாகவோ, வெளிர்நிறமாகவோ இருந்தால் புற ஊதா ஊடுருவி இந்த அடிப்பூச்சின் மேற்பரப்பைப் பொடியாக்கும். பொடியின் மேல் எதுவும் ஒட்டாது. வெள்ளை வண்டியில் கூரையும் பானெட்டும் பெரிய பெரிய தகடாக உரிவதற்கு ஒரு காரணம் இதுதான்.

கீழே வெறும் தகடே தெரிந்தால் அதன் முகத்தைக் கவனியுங்கள். தொழிற்சாலையில் பாஸ்பேட் குளியல் கண்ட தகடு மங்கலான சாம்பலாக, பளபளப்பில்லாமல் இருக்கும். பளபளவென்று, அரைத்த கீறல்களோடு இருந்தால் அந்தப் பானல் (கதவு, பானெட் போன்ற தனித் தகடு) முன்பே ஒருமுறை பழுதுபார்க்கப்பட்டது. புது வண்டியாக வாங்கியதில் இப்படித் தெரிந்தால், டெலிவரிக்கு முன்னரே எங்கோ அடிபட்டு அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

சின்னக் கல் பட்ட இடத்திலிருந்துதான் உரிய ஆரம்பித்தது. இனி கேட்கவே முடியாதா?

கேட்கலாம், வாதாட வேண்டியிருக்கும். நல்ல பிடிப்புள்ள பெயின்டில் கல் பட்டால் குண்டூசித் தலை அளவு குழி விழும், அதோடு நிற்கும். அந்தக் குழியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் கிளம்பினால், கல் கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். உள்ளே பிடிப்பு ஏற்கெனவே இல்லை. பிடிப்பு நன்றாக உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் சர்வீஸ் சென்டர்காரர்களே ஒட்டுடேப் சோதனை செய்து ஒப்பிடட்டும். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கீறி, டேப் ஒட்டி இழுப்பது அந்தச் சோதனை. அதை நீங்களே வீட்டில் செய்யாதீர்கள். "நீங்கள்தான் உரித்தீர்கள்" என்ற பேச்சுக்கு இடம் கொடுத்ததாகிவிடும்.

கிளெய்முக்குப் போகுமுன் என்ன தயாராக வைத்திருக்க வேண்டும்?

முதலில், உரிந்த இடத்தை ஹைபிரஷர் தண்ணீரில் காட்டாதீர்கள், பாலீஷ் போடாதீர்கள், டச்சப் பெயின்டும் வைக்காதீர்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், அது ஆதாரம்.

பிறகு படங்கள். முழு வண்டி, பானல், ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்து நெருக்கமாக ஒன்று. நிழலில் ஒருமுறை, சாய்ந்த வெயிலில் ஒருமுறை. இரண்டு வாரம் கழித்து அதே கோணத்தில் மறுபடி எடுங்கள். குறை வளர்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. விழுந்த சில்லுகளை ஒரு சிறு கவரில் போட்டு வையுங்கள்.

சர்வீஸ் பதிவுகளும் வேண்டும். சில வாரண்டிகள் வருடாந்தரப் பாடி சோதனையை நிபந்தனையாக வைத்திருக்கும். தவறவிட்டிருந்தால் அதையே காரணம் காட்டுவார்கள். குறையை முதன்முதலில் கவனித்த தேதியில் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வாரண்டி முடியுமுன் தெரிவித்த குறைக்கு, வேலை பிறகு நடந்தாலும் வாதம் வலுவாக இருக்கும்.

தடிமன் மீட்டர் வைத்துப் பார்த்து "இது கம்பெனி பெயின்ட் இல்லை" என்கிறார்கள். அந்த எண் எதைச் சொல்கிறது?

தொழிற்சாலைப் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்துப் பொதுவாக 90 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மேலே ஒருமுறை அடித்த பானலில் 200, 300 என்று ஏறும். 500-க்கு மேல் போனால் உள்ளே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஒரு இடத்து எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஒரு பானலில் ஐந்தாறு இடமாவது வைத்து, மறுபக்கத்தில் அதே பானலோடு ஒப்பிட வேண்டும். இடது கதவு 115, வலது கதவு 260 என்றால் அதில் விஷயம் இருக்கிறது. தொழிற்சாலையிலேயே திருத்தி அடித்த பானலும் தடிமனாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். சாதாரண மீட்டர் இரும்பு, அலுமினியம் மேல் உள்ள பூச்சை மட்டுமே அளக்கும். பிளாஸ்டிக் பம்பரில் வைத்து ஒருவர் எண் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒரு பானெட்தான் உரிகிறது. முழு வண்டிக்கும் அடித்துத் தரச் சொல்லலாமா?

சொல்லலாம். எங்கள் கருத்தில், சொல்லாமல் இருப்பது நல்லது.

தொழிற்சாலையில் வெறும் உடலாக இருக்கும்போது அடித்து, அடிப்பூச்சைச் சுமார் 160 முதல் 180 டிகிரியிலும், மேல்பூச்சைச் சுமார் 140 டிகிரியிலும் சுடுகிறார்கள். ஓடும் வண்டியில் ஒயர், பிளாஸ்டிக், ரப்பர், மெத்தை எல்லாம் இருக்கிறது. அந்தச் சூடு காட்ட முடியாது. அதனால் ஒர்க்‌ஷாப்பில் ஹார்டனர் கலந்த வேறு வகைப் பெயின்டை அடித்து 60 டிகிரியில் காய வைக்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் அது பல வருடம் நிற்கும். ஆனாலும் அது கைவேலை. தூசி, தயாரிப்பு, அடிப்பவர் கை என்று ஒவ்வொன்றிலும் பிசகலாம். நன்றாக இருக்கும் பானலில் உள்ள கம்பெனி பெயின்டை அரைத்து எடுத்துவிட்டு இதை அடிப்பது நல்லதைக் கொடுத்துக் கெட்டதை வாங்குவது. பிறகு விற்கும்போது மீட்டர் வைத்துப் பார்ப்பவரும் எல்லாப் பானலிலும் 250 பார்த்தால் பெரிய விபத்து என்றுதான் நினைப்பார்.

குறை அடிப்பூச்சில் இருந்து, கூரை, பானெட், டிக்கி மூன்றிலும் ஏற்கெனவே தெரிந்தால் கணக்கு மாறும். அப்போது மேல்நோக்கிய பானல்கள் அனைத்தையும் சேர்த்துக் கேளுங்கள். இன்றைக்கு ஒன்று, ஆறு மாதம் கழித்து இன்னொன்று என்று அலைய வேண்டாம்.

உரிந்த இடத்தை மட்டும் தேய்த்து மேலே அடித்தால் என்ன?

மறுபடி உரியும், அதுவும் புதுப் பெயின்டின் ஓரத்திலேயே. பிடிப்பில்லாத அடுக்கு பானல் முழுக்க இருக்கிறது. கண்ணுக்கு உரிந்தது ஒரு பகுதிதான். கிளியர் மட்டும் பிரிந்திருந்தால் பானலின் கிளியர் முழுவதையும் அரைத்து எடுக்க வேண்டும். பிரிவு அடிப்பூச்சில் என்றால் தகடு வரை இறங்க வேண்டும். தகடு தெரிந்த இடத்துக்கு முதலில் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் நிரப்பும் பிரைமர், அது காய்ந்ததும் 500 எண் உப்புத்தாளில் சமன் செய்து, பிறகு பேஸ் கோட், கிளியர் கோட். வெறும் தகட்டில் நேரே நிறத்தை அடித்தால் பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது. தெரிவதற்கு ஒரு மழைக்காலம் வேண்டும்.

வேலை தொடங்குமுன் ஜாப் கார்டில் (வேலை விவரம் எழுதும் தாளில்) என்ன எழுதி வாங்க வேண்டும்?

எந்தெந்தப் பானல், எந்த அடுக்கு வரை அரைப்பது, எந்தப் பக்கத்துப் பானலில் நிறத்தைக் கலந்து விடுவது, எந்தப் பாகங்களைக் கழற்றுவது, முடிந்த வேலைக்கு எவ்வளவு காலம் உத்தரவாதம். இதில் கழற்றும் பட்டியலில்தான் விடாப்பிடியாக இருங்கள். கதவு கைப்பிடி, கண்ணாடி ஓரத்து ரப்பர் பட்டை, சைடு மிரர், விளக்கு, எழுத்துச் சின்னம் இவற்றைக் கழற்றாமல் டேப் ஒட்டி அடித்தால், டேப் முடிந்த கோட்டில் பெயின்டுக்கு ஒரு திறந்த ஓரம் உருவாகும். அந்த ஓரத்தில் தண்ணீர் புகுந்து கிளம்ப ஆரம்பிக்கும். கழற்ற நேரம் ஆகும் என்பதால்தான் தவிர்க்கப் பார்ப்பார்கள்.

பெயின்ட் அடிக்குமுன் கிலோமீட்டர் அளவையும், ஏற்கெனவே உள்ள கீறல்களையும் படமெடுத்து வையுங்கள்.

நிறம் பொருந்துமா?

ஒற்றை நிறத்தில் பெரும்பாலும் பொருந்தும். மெட்டாலிக், முத்து நிறங்களில் நிறக் குறியீட்டை மட்டும் பார்த்துக் கலக்கினால் பொருந்தாது. கதவு ஓரத்திலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள வில்லையில் இருக்கும் அதே நிறக் குறியீட்டுக்கு, கொஞ்சம் வெளிர், கொஞ்சம் கருமை என்று பல மாறுபாடுகள் உண்டு. சோதனை அட்டையில் அடித்து, கிளியரும் போட்டு, காய்ந்த பிறகு வண்டியோடு வைத்து வெளிச்சத்தில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஈரமாக இருக்கும்போது பார்த்து "சரியாக இருக்கிறது" என்பது கணக்கில் சேராது.

மெட்டாலிக்கில் உள்ள அலுமினியத் துகள் எப்படிப் படுக்கிறது என்பது ஸ்ப்ரே கன் அழுத்தம், தூரம், ஈரம் எல்லாவற்றையும் பொறுத்தது. நனைய அடித்தால் துகள் ஆழத்தில் மூழ்கி நிறம் கறுக்கும். உலர்வாக அடித்தால் மேலே நின்று வெளுக்கும். அதனால்தான் ஃபெண்டருக்கு அடிக்கும்போது பக்கத்துக் கதவிலும் நிறத்தைச் சன்னமாக மங்கவிட்டு, அந்தக் கதவு முழுவதுக்கும் கிளியர் போடுகிறார்கள். கண் தேடும் கோடு அப்போது இருக்காது. "ஃபெண்டருக்கு மட்டும் போதும், கதவைத் தொடாதீர்கள்" என்று சொன்னால் நீங்களே வித்தியாசத்தைக் கேட்டு வாங்கியதாகும்.

பம்பருக்கும் அடிக்க வேண்டும். சென்சார் இருக்கிறது, பரவாயில்லையா?

பம்பருக்குப் பின்னால் ரேடார் இருந்தால் முதலில் தயாரிப்பாளரின் விதியைப் பார்க்கச் சொல்லுங்கள். தடிமனான பூச்சு, பட்டி, உலோகத் துகள் அதிகமுள்ள நிறம் மூன்றும் அலையைக் குறைக்கும். அந்தப் பகுதியில் பழுதுபார்க்கவே கூடாது, பம்பரை மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. பார்க்கிங் சென்சாரைக் கழற்றித்தான் அடிக்க வேண்டும்.

டெலிவரி எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

அவசரப்படாமல் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மாலை ஆறு மணிக்கு, மழையில், தண்ணீர் சொட்டும் வண்டியை ஒப்புக்கொள்ளாதீர்கள். கழுவித் துடைத்த வண்டி வேண்டும். ஆனால் மேலே எண்ணெய்ப் பசையான பாலீஷ் போட்டு மினுக்கிய வண்டி வேண்டாம். அது அரைத்த கீறலை ஓரிரு வாரம் மறைக்கும்.

ஒரு நீளமான டியூப் லைட்டின் பிம்பம் பானலில் விழும்படி நில்லுங்கள். பிம்பத்தின் ஓரம் நேராக இருக்கிறதா, நெளிகிறதா? எல்லாப் பெயின்டிலும் கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் மாதிரி நெளிவு இருக்கும், கம்பெனி பெயின்டிலும் இருக்கும். பக்கத்துப் பானலில் உள்ள நெளிவுக்கு ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. பிறகு வெயிலுக்குக் கொண்டுவந்து, நேராகவும் சாய்ந்தும் நிறத்தைப் பாருங்கள். நேராகப் பார்த்தால் ஒன்றாகவும் சாய்த்துப் பார்த்தால் வேறாகவும் தெரிவது மெட்டாலிக்கில் வழக்கமான பிசகு. மேகம் மாதிரித் திட்டு, வடிந்த கோடு, ஊசித் துளை, சிலிக்கான் பட்டதால் மீன் கண் போல விலகிய வட்டம், அரைத்த கோடு எல்லாம் வெயிலில்தான் மாட்டும்.

கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, தொடாத பக்கத்துப் பானல், கண்ணாடி, ரப்பர் மேல் லேசாகத் தடவுங்கள். வெறும் கைக்குத் தெரியாத பெயின்ட் தூவல் அப்போது மணல் மாதிரி உறுத்தும். கதவைத் திறந்து உள் ஓரங்களையும், தகடு சேரும் இடத்தில் பூசிய சீலர் கோடு பழையது போல இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பானல் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றா, கண்ணாடி ஏறி இறங்குகிறதா, விளக்கு, வாஷர், சென்சார் எல்லாம் வேலை செய்கிறதா என்று சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குறை இருந்தால் ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஒன்றிரண்டு தூசி முளை இருக்கிறது. மறுபடி அடிக்கச் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். கிளியர் முழுதாகக் காய்ந்த பிறகு 2000, 3000 எண் தாளில் நனைத்துத் தேய்த்துக் காம்பவுண்ட் (அரைத்து மினுக்கும் பசை) போட்டால் போய்விடும். வடிந்த கோடும் அப்படியே. முளை பேஸ் கோட்டுக்குள் மாட்டியிருந்தால்தான் மறுபடி அடிக்க வேண்டும்.

ஒரு மாதத்தில் பளபளப்பு குறைந்துவிட்டது. ஏன்?

தின்னர் முழுதாக வெளியேறுமுன் மேல்பரப்பு மூடிவிட்டது. அது மெல்ல வெளியேறும்போது படலம் சுருங்கி, கீழே அரைத்த கோடுகள் மேலே எட்டிப் பார்க்கும். அடுக்குகளுக்கு நடுவே காத்திருக்காமல் கனமாக அடித்ததும், சூடு போதாததும் காரணம். 60 டிகிரி என்பது தகட்டின் சூடு. அறைக் காற்று 60 ஆனதும் மணியைப் பார்க்கத் தொடங்கினால் தகடு இன்னும் சூடேறியே இருக்காது. லேசானால் பாலீஷில் சரியாகும். ஒரு மாதம் கழித்து மறுபார்வை உண்டு என்று முன்பே ஜாப் கார்டில் எழுதி வாங்கினால் இதற்கு உதவும்.

புதுப் பெயின்டை முதல் மாதம் எப்படிப் பார்த்துக்கொள்வது?

முதல் வாரம் முடிந்தால் கழுவவே வேண்டாம். தூசி இருந்தால் வெறும் தண்ணீர் ஊற்றி விடுங்கள், காய்ந்த துணியால் தட்டவோ துடைக்கவோ வேண்டாம். சுமார் முப்பது நாள் வரை பிரஷ் சுழலும் கார் வாஷ், ஹைபிரஷர், மெழுகு, சீலன்ட், துணிக் கவர் எதுவும் வேண்டாம். ஈரப்பதம் சிக்கிய கவர் புதுப் பெயின்டில் அச்சே பதிக்கும். செராமிக் கோட்டிங்கும் பாதுகாப்பு ஃபிலிமும் பெயின்ட் தயாரிப்பாளர் சொல்லும் காலம் முடிந்த பிறகே. சீக்கிரம் ஒட்டிய ஃபிலிமைக் கழற்றும்போது பெயின்டும் சேர்ந்து வந்ததற்கு வாரண்டி கேட்க முடியாது.

கழுவும் முறை?

இரண்டு பக்கெட், தலா பத்து லிட்டர். ஒன்றில் கார் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். முதலில் நிழலில் நிறுத்தி மண் போகும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். மைக்ரோஃபைபர் கையுறையால் கூரையிலிருந்து கீழே, நேர்கோட்டில். ஒரு பானல் முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசி, பிறகு ஷாம்பு. கதவின் அடிப்பகுதிக்கும் சக்கரத்துக்கும் வேறு துணி. தரையில் விழுந்த துணியை அன்று மறுபடி தொடாதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், மெழுகை எடுத்துவிடும். பெயின்டில் சிலந்தி வலை மாதிரித் தெரியும் கீறல்களில் பெரும்பாலானவை கழுவும்போது விழுந்தவைதான்.

பறவை எச்சம்?

அன்றைக்கே. அமிலம் ஒரு பக்கம் இருக்க, வெயிலில் கிளியர் இளகி விரியும், இரவில் சுருங்கும். காய்ந்து இறுகிய எச்சத்தின் வடிவத்தையே பிடித்துக்கொள்ளும். நனைத்த துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு வைத்து, ஊறியதும் அப்படியே தூக்கி எடுங்கள். தேய்த்தால் உள்ளிருக்கும் மணல் கீறும்.

வருடா வருடம் பாலீஷ் போடலாமா?

தேவையில்லை. கிளியரின் தடிமனே சுமார் 40, 50 மைக்ரான்தான். கடுமையான காம்பவுண்ட் ஒருமுறை போட்டால் அதில் சில மைக்ரான் போகும். மொத்த ஆயுளிலும் கால் பங்குக்கு மேல் இழக்கக் கூடாது. கீறலை மறைக்க மெழுகு போதும் என்றால் மெழுகோடு நில்லுங்கள்.

செராமிக் கோட்டிங் போட்டால் கல் அடிக்காதா?

அடிக்கும். அது ஒன்றிரண்டு மைக்ரான் படலம். தண்ணீர் உருண்டோடவும் அழுக்கு எளிதில் போகவும் உதவும். கல்லைத் தாங்குவது 150, 200 மைக்ரான் தடிமனுள்ள ஃபிலிம். போடுமுன் உங்கள் பெயின்ட் வாரண்டியில் அதைப் பற்றி வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கல் தெறித்த புள்ளியை நானே அடைக்கலாமா?

அடைக்கலாம், சீக்கிரம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, துரு இருந்தால் கூர்முனையால் சுரண்டி எடுத்து, டச்சப் பெயின்டைப் பல்குச்சி முனையில் தொட்டு வையுங்கள். மூடியில் வரும் பிரஷ் பெரிது, குழியைச் சுற்றிக் குமிழ் கட்டும். மெல்லிய மூன்று அடுக்கு, நடுவே அரை மணி நேரம், கடைசியாகக் கிளியர். முன்பே சொன்ன உரியும் குறை அங்கே இருந்தால் மட்டும் கை வைக்காதீர்கள்.

கிளெய்மை மறுத்துவிட்டார்கள். அடுத்து?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல் மறுப்பை எங்கும் கொண்டுபோக முடியாது. "வெளிப்புறச் சேதம்" என்றால் எந்தப் புத்தகப் பிரிவு, எந்தச் சோதனை என்று கேட்டு, தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்குப் படங்களோடும் மீட்டர் எண்களோடும் அனுப்புங்கள். சர்வீஸ் சென்டர் மறுத்ததைத் தயாரிப்பாளரின் கள ஆய்வாளர் நேரில் பார்த்து ஒப்புக்கொள்வது உண்டு. வேண்டுமானால் தனி மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எந்த அடுக்கில் பிரிந்தது என்று எழுதி வாங்கி இணைக்கலாம். அந்த ஒரு வரி கிடைக்கும்வரை வண்டியை வெளியில் கொடுத்து அடித்துவிடாதீர்கள்.